பதிமூன்றாம் பாடம்

பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் பதிமூன்றாவதாக வருவது கரிம நைட்ரஜன் சேர்மங்கள். நைட்ரோ சேர்மங்கள், அமீன்கள், டையசோனியம் உப்புகள், சயனைடுகள் என்று நீண்டு போகும் பாடம். அது வகுப்புக்கு வந்து சேர்வதற்குள் வருடத்தின் பெரும்பகுதி ஓடியிருக்கும். பிள்ளைகள் களைத்திருப்பார்கள். விடுதிப் பள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். விடியற்காலை ஸ்டடி, பகலில் வகுப்பு, சாயங்காலம் சிலிப் டெஸ்ட், ராத்திரி மறுபடியும் ஸ்டடி.

நாமக்கல் மாவட்டத்தின் ராசிபுரம் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வேதியியல் நடத்திவரும் முதுகலை ஆசிரியர் ஒருவருக்கு இந்தப் பாடம் வகுப்பின் நாடி பார்க்கும் இடம். பாடத்தைத் தொடங்கும் அன்று அவர் எதையும் விளக்கமாட்டார். ‘என்-எத்தில்-என்-மெத்தில்புரப்பன்-1-அமீன்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, “இதை வரைஞ்சு காட்டுங்க பார்க்கலாம்” என்பார். சில பேர் உடனே நோட்டைத் திறந்து ஒரு நைட்ரஜனைப் போட்டு, அதிலிருந்து மூன்று கை இழுத்து, ஒன்றில் மூன்று கார்பன், ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஒன்று என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். “சார், இது புக்ல எந்தப் பக்கத்துல இருக்குங்க சார்?” என்று ஒரு குரல் கட்டாயம் வரும்.

அந்தக் கேள்விதான் அவருக்கு வேண்டிய பதில். பெயர் புத்தகத்தில் எங்கோ அச்சாகிக் கிடக்கும், தேடி எடுத்து மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் யார் யார் என்று அவருக்கு அப்போது தெரிந்துவிடும். விதி தெரிந்தவருக்கு அந்தப் பெயரே படம் வரைவதற்கான குறிப்பு. நீளமான சங்கிலி புரப்பேன். அதன் முதல் கார்பனில் அமீன். ‘என்’ என்ற எழுத்து வந்தால், அடுத்துச் சொல்லும் தொகுதி கார்பனில் தொங்கவில்லை, நைட்ரஜனிலேயே தொங்குகிறது. எத்திலும் மெத்திலும் அப்படித் தொங்குகின்றன. அவ்வளவுதான். புத்தகத்தில் இல்லாத பெயரானாலும் வரையலாம்.

விதி பிள்ளைகளுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. பெயரிடும் முறை பிளஸ் டூ பாடமே கிடையாது. கரிம வேதியியலின் அடிப்படைகள் என்று பிளஸ் ஒன்னில் வருவது அது. நைட்ரஜன் பாடம் அதை மறுபடி நினைவூட்ட மட்டுமே செய்யும்.

2007-ல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டபின், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றாயிற்று. வேதியியலில் 200-க்கு எடுத்ததை 50-க்குச் சுருக்கி கட்-ஆஃப் கணக்கில் சேர்ப்பார்கள். ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் கால் போகும். அந்தக் கால் மதிப்பெண்ணுக்குள் வரிசையில் ஒரு கூட்டமே நிற்கும். நாமக்கல் மாவட்டப் பள்ளிகள் மாநில ரேங்க் பட்டியலில் இடம்பிடித்த காலம் அது. எந்தெந்த ஊரிலிருந்தோ பெற்றோர்கள் டிரங்குப் பெட்டியும் பக்கெட்டுமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே இறக்கிவிட்டுப் போனார்கள். பிளஸ் ஒன்னுக்கு அப்போது பொதுத்தேர்வு இல்லை. ஆகவே பல பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்ந்த சில வாரங்களிலேயே பிளஸ் டூ புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வருடமும் ஒரே புத்தகம்.

அவர் அப்போது வேலை பார்த்த பள்ளியிலும் அதுதான் வழக்கம். பிளஸ் ஒன் புத்தகக் கட்டு பிரிக்காமலேயே அலமாரியில் இருந்தது. பெயரிடும் விதிகளை நடத்த நாலு வகுப்பு வேண்டும் என்று கேட்டார். “கேள்வித்தாள்ல வராததுக்கு எதுக்குங்க சார் நேரம்?” என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளைகள் நைட்ரஜன் பாடத்தின் பெயர்களைத் திருக்குறள் ஒப்பிப்பதுபோல வரிசையாக ஒப்பித்தார்கள். கேள்வித்தாளில் புத்தகத்தில் உள்ளபடியே வந்தால் முழு மதிப்பெண். ஒரு கார்பன் கூடினாலோ குறைந்தாலோ பேனா நின்றுவிடும்.

அப்போதிருந்துதான் அவர் பாடத்தை வகுப்புக்கு வெளியிலிருந்து எடுத்துவர ஆரம்பித்தார். ராசிபுரம் அதற்குத் தோதான ஊர். சுற்றுவட்டாரத்தில் குச்சிக்கிழங்குக் காடு, சேகோ ஆலை, கோழிப்பண்ணை, பட்டுத்தறி எல்லாம் உண்டு. இவை ஒவ்வொன்றிலும் ஒரு நைட்ரஜன் சேர்மம் இருக்கிறது.

குச்சிக்கிழங்கு என்று இங்கே சொல்லும் மரவள்ளியில் இருந்து தொடங்குவார். இலையைத் தின்ற ஆடு வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சற்று நேரத்தில் சாய்ந்ததைப் பார்த்த பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து, “எங்க அப்பா பச்சைத் தழையைப் போடவே மாட்டாருங்க சார். வெயில்ல நல்லா காயப்போட்டுத்தான் போடுவாரு” என்றாள். காரணம் அவளுக்குத் தெரியாது. அவர் சொன்னார். மரவள்ளி இலையிலும் தோலிலும் லினமரின் என்ற சேர்மம் இருக்கிறது. செடியின் செல் உடையும்போது, அதுவரை தனியாக இருந்த ஒரு நொதி அதன்மேல் வேலை செய்து சர்க்கரையைக் கழற்றிவிடும். மிஞ்சுவது அசிட்டோன் சயனோஹைட்ரின். அதுவும் உடைந்து, ஒருபுறம் அசிட்டோனும் மறுபுறம் ஹைட்ரஜன் சயனைடும் வரும். வெயிலில் காயும்போது அந்த நஞ்சில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. இளஞ்சோளப் பயிரிலும் இதே வகைச் சேர்மம் உண்டு. அதன் பெயர் துரின். வறட்சியில் வாடிய சோளத் தட்டில் மாட்டை மேயவிடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

பிறகு பெயருக்கு, அதாவது ஐயுபேக் என்ற உலக வேதியியல் அமைப்பு வகுத்த முறையான பெயருக்கு வருவார். “அசிட்டோன் சயனோஹைட்ரினுக்கு ஐயுபேக் பேரு என்ன?” வகுப்பு யோசிக்கும். 2-ஹைட்ராக்சி-2-மெத்தில்புரப்பேன்நைட்ரைல். இதில் பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நைட்ரைலில் உள்ள கார்பனையும் சங்கிலியோடு சேர்த்து எண்ண வேண்டும், அதற்குத்தான் முதல் எண். மெத்தில் சயனைடு என்று பழைய முறையில் சொன்னால் சயனைடின் கார்பன் தனி. அதையே ஐயுபேக் முறையில் சொன்னால் எத்தேன்நைட்ரைல், இரண்டு கார்பன். பொருள் ஒன்றுதான், ஒரு பெயரில் மெத், இன்னொரு பெயரில் எத். வருடாவருடம் இந்த ஒரு கார்பனில் விழுந்து எழுகிறவர்கள் ஏராளம். ஆட்டுக் கதை கேட்ட வகுப்பில் அந்த எண்ணிக்கை குறைந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அடுத்தது கோழித்தீவனம். பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மெத்தியோனின், லைசின் என்ற இரண்டு சொற்களும் பாடப்புத்தகத்தில் வருவதற்கு முன்பே தெரியும். அப்பா செல்போனில் விலை விசாரிக்கும்போது காதில் விழுந்த சொற்கள். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனத்தில் கோழிக்கு முதலில் பற்றாமல் போகும் அமினோ அமிலம் மெத்தியோனின். அதனால் அதைத் தனியாக வாங்கிக் கலக்கிறார்கள். மூட்டையில் டிஎல்-மெத்தியோனின் என்று அச்சிட்டிருக்கும். அந்த ‘டிஎல்’ என்ன என்று ஒரு மாணவன் கேட்டபோது பாடம் தானாகவே ஒளிசுழற்றும் தன்மைக்குப் போனது. எல் வடிவமும் டி வடிவமும் சரிபாதி கலந்த கலவை அது. கோழியின் உடல் டி வடிவத்தையும் எல் வடிவமாக மாற்றிக்கொள்ளும், அதனால் கலவையைக் கொடுத்தாலும் வீணாவதில்லை.

மெத்தியோனினின் முறையான பெயர் 2-அமினோ-4-(மெத்தில்சல்ஃபனைல்)பியூட்டனாயிக் அமிலம். இந்த ஒரு பெயரை வைத்தே அவர் முன்னுரிமைப் பட்டியலை நடத்திவிடுவார். ஒரே மூலக்கூறில் அமிலத் தொகுதியும் அமீன் தொகுதியும் இருந்தால் பெயரின் கடைசியில் உட்காரும் உரிமை அமிலத்துக்கு. அமீன் முன்னால் போய் ‘அமினோ’ ஆகிவிடும். அமிலம், எஸ்டர், அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன் என்று வரிசை. அதில் அமீன் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிற ஆள். நைட்ரோவுக்கு அந்தப் பந்தியிலும் இடமில்லை. அது எப்போதும் முன்னொட்டு மட்டுமே. இதைச் சொல்லிவிட்டு நைட்ரோகிளிசரினை இழுப்பார். பெயரில் நைட்ரோ இருக்கிறது, ஆனால் அது நைட்ரோ சேர்மம் கிடையாது. அதில் நைட்ரஜன் கார்பனோடு நேராகச் சேராமல் ஆக்சிஜன் வழியாகச் சேர்ந்திருக்கிறது. அது கிளிசராலின் நைட்ரேட் எஸ்டர். வழக்குப் பெயரை நம்பி வினைகளை எழுதினால் மதிப்பெண் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அவருக்குக் கிடைத்ததில்லை.

அனிலீன் கதையை அவர் தவறாமல் சொல்வார். 1826-ல் ஜெர்மனியில் ஓட்டோ உன்வர்டோர்பன் அவுரிச் சாயத்தைக் காய்ச்சி வடித்து ஒரு எண்ணெயை எடுத்தார். கிறிஸ்டலின் என்று பெயர் வைத்தார். 1834-ல் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து ஒன்றைப் பிரித்து கயனோல் என்றார். 1840-ஐ ஒட்டி ஃபிரிட்ஷே அவுரியைப் பொட்டாஷோடு சூடாக்கி எடுத்ததை அனிலீன் என்றார். அவுரிச் செடிக்குப் போர்ச்சுக்கீசியர் வழங்கிய ‘அனில்’ என்ற சொல்லிலிருந்து வந்தது அது. அந்தச் சொல்லின் வேர் நம்முடைய நீலம்தான். 1842-ல் ரஷ்யாவில் சினின் நைட்ரோபென்சீனை ஒடுக்கி பென்சிடாம் என்ற பெயரில் ஒன்றை அறிவித்தார். மறு வருடம் ஹாஃப்மன் சோதித்துப் பார்த்து, நாலும் ஒரே பொருள் என்று நிரூபித்தார். நாலு ஆய்வகம், நாலு பெயர், ஒரே எண்ணெய். முறையான பெயரிடல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. பின்னாளில் 1892-ல் ஜெனீவாவில் வேதியியலாளர்கள் கூடி விதி வகுத்தார்கள். 1919-ல் ஐயுபேக் உருவாகி அந்த வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ஐயுபேக்கின் 2013 பரிந்துரையும் அனிலீன் என்ற பழைய பெயரையே முதல் தேர்வாக வைத்திருக்கிறது. ஊரில் கூப்பிடும் பெயரே ரேஷன் கார்டிலும் ஏறிவிட்டது.

இந்த ஹாஃப்மன் பிளஸ் டூ மாணவர்களுக்குத் தீராத தலைவலி. ஹாஃப்மன் புரோமமைடு வினை ஒன்று, ஹாஃப்மன் கடுகு எண்ணெய் வினை ஒன்று. இதற்கிடையில் காப்ரியல், சாண்ட்மேயர், கட்டர்மேன் என்று ஆட்பெயர்கள் குறுக்கே வரும். ஆட்பெயரை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. சேர்மத்தின் பெயரை அப்படிச் செய்ய வேண்டியதில்லை என்பதற்கும் இதே ஹாஃப்மன்தான் சாட்சி. 1866-லேயே ஹைட்ரோகார்பன்களுக்கு மீத்தேன், ஈத்தேன் என்று ஒழுங்கான வரிசையில் பெயர் வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர்.

ஆய்வகத்தில் அனிலீனுக்குச் சாயச் சோதனை உண்டு. அனிலீனை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டியில் வைத்துக் குளிரூட்டி, சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு காரத்தில் கரைத்த பீட்டா-நாப்தாலை ஊற்ற வேண்டும். செக்கச்செவேல் என்று வரும். பிப்ரவரி வெயிலில், ராசிபுரத்தில், சோதனைக் குழாயை ஐந்து டிகிரிக்குக் கீழே வைத்திருப்பது சாமானிய வேலையில்லை. ஐஸ் வாங்கிவரும் ஆய்வக உதவியாளர் சைக்கிளை மிதித்து வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும். சூடு ஏறினால் டையசோனியம் உப்பு உடைந்து நைட்ரஜன் குமிழியாகப் போய்விடும். குழாயில் ஃபீனால்தான் மிஞ்சும், சாயம் வராது. “அவசரப்படாதீங்க கண்ணு, மொதல்ல குளிரட்டும்” என்று அவர் மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டே போவார்.

சிவப்பு வந்ததும் பிள்ளைகளுக்குக் குஷி. அப்போது ஒரு கேள்வி போடுவார்: “இதை மிளகாய்த் தூள்ல போட்டா எப்படி இருக்கும்?” சிரிப்பார்கள். குழாயில் இருப்பது சூடான் 1. 2003-ல் ஐரோப்பாவுக்குப் போன இந்திய மிளகாய்த் தூளில் இந்தச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. 2005-ல் பிரிட்டனில் அது கலந்த மிளகாய்த் தூள் ஒரு சாஸ் வழியாக நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களுக்குள் போய்விட்டது தெரியவர, கடைகளிலிருந்து அத்தனையையும் திரும்பப் பெற்றார்கள். சூடான் 1 என்ற பெயரிலிருந்து ஒன்றும் தெரியாது. 1-(ஃபீனைல்டையசினைல்)நாஃப்தலீன்-2-ஆல் என்ற பெயரைப் படித்தால், நடுவில் இரண்டு நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது, இது ஒரு அசோ சாயம் என்று தெரிந்துவிடும். சில அசோ சாயங்கள் உடலுக்குள் உடைந்து புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களைத் தரும் என்பதால் 1990-களில் ஜெர்மனி அவற்றைத் தடுத்தது. 1997-ல் இந்திய அரசும் பல அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. துணி ஏற்றுமதி செய்யும் எல்லா ஊர்களிலும் சாயப்பட்டறைக்காரர்கள் ‘அசோ ஃப்ரீ’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டது அப்போதுதான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன், சாய டப்பாவில் அந்தச் சொல்லைப் பார்த்ததாகச் சொன்னான்.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று கேட்கிற பிள்ளைகளுக்குப் போபாலைச் சொல்வார். மெத்தில் சயனைடு, மெத்தில் ஐசோசயனைடு, மெத்தில் ஐசோசயனேட். மூன்றும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவது ஆய்வகங்களில் சாதாரணமாகப் புழங்கும் கரைப்பான். இரண்டாவது, கார்பைலமீன் சோதனையில் வருகிற குடலைப் புரட்டும் நாற்றத்தின் குடும்பம். மூன்றாவதில் கூடுதலாக ஓர் ஆக்சிஜன்; 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் தொழிற்சாலைத் தொட்டியிலிருந்து கசிந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது அது. பரீட்சையில் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிற விடைத்தாளைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

வழக்குப் பெயர்களையும் அவர் ஒதுக்குவதில்லை. பாராசிட்டமால் அட்டை ஒன்றை எடுத்துவந்து, அமெரிக்காவில் இதையே அசிட்டமினோஃபென் என்கிறார்கள் என்று சொல்வார். இரண்டு பெயரும் பாரா-அசிட்டைலமினோஃபீனால் என்ற ஒரே நீளப் பெயரைக் கத்தரித்து வந்தவை. ஐயுபேக் முறையில் என்-(4-ஹைட்ராக்சிஃபீனைல்)எத்தனமைடு. ஃபீனாலும் இருக்கிறது, அமைடும் இருக்கிறது. பின்னொட்டு எதற்கு என்று கேட்டால் முன்னுரிமைப் பட்டியல் மனதில் இருக்கிறவர்கள் அமைடு என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பதிலித் தொகுதிகளை அகரவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த அகரவரிசை ஆங்கில எழுத்தின் வரிசை. தமிழில் ககரம் முன்னால், பகரம் பின்னால். அதனால் ஒரு கெட்டிக்காரப் பெண் விதியை அப்படியே கடைப்பிடித்து 2-குளோரோ-4-புரோமோஅனிலீன் என்று எழுதினாள். சரியான விடை 4-புரோமோ-2-குளோரோஅனிலீன். அவள் சொன்ன காரணத்தைக் கேட்டபின் அவர் தமிழ்வழி வகுப்புகளில் இதைத் தனியாக நடத்த ஆரம்பித்தார். டை, ட்ரை என்ற எண்ணிக்கைச் சொற்களை வரிசைக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.

தமிழில் வேதியியலை எப்படிச் சொல்வது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1916-ல் அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கத்தையே தொடங்கினார். பின்னாளில் ‘திண்ணை ரசாயனம்’ என்று ஒரு புத்தகமும் எழுதினார். அந்தக் கால வாதங்களில் பல இன்னும் ஆசிரியர்களின் ஓய்வறையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த ஆசிரியருக்கு அதில் ஒரே நிலைப்பாடு. ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய அமீன் என்பன நல்ல தமிழ். பிள்ளைக்குச் சட்டென்று புரிகிறது, இருக்கட்டும். சேர்மத்தின் பெயரை மட்டும் ஒலிபெயர்த்து அப்படியே எழுதவேண்டும், ஏனென்றால் அதன் ஒவ்வொரு அசையிலும் ஒரு விதி இருக்கிறது.

2017-ல் ரேங்க் அறிவிப்பு நின்றது. அதே வருடம் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்தது. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கு முதல் பொதுத்தேர்வு நடந்தது. கட்டுப் பிரிக்காத புத்தகங்கள் அலமாரியிலிருந்து இறங்கின. பதிமூன்றாம் பாடத்தில் அதன் பலன் இரண்டு மூன்று வருடத்திலேயே தெரிந்ததாக அவர் சொல்கிறார். கரும்பலகைப் பெயரைப் பார்த்துப் பக்க எண் கேட்கும் குரல்கள் குறைந்தன. முன்பின் தெரியாத அமீனைக் கொடுத்தாலும் பென்சிலை எடுக்கிற பிள்ளைகள் கூடினார்கள்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பாரம் குறைவது நல்லதுதான், அவருக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் தேர்வு போனால் பாடமும் போகும் என்ற பழைய வழக்கம் இந்த வட்டாரத்துக்குத் தெரியாததில்லை. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோர்கள் ஒரு நாள் அதன் பையைத் திறந்து எந்த வருடத்துப் புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள். பிளஸ் டூ புத்தகம் இருந்தால், பள்ளிக்கூடத்துக்குப் போய், பிளஸ் ஒன் பாடம் எப்போது நடத்துவீர்கள் என்று கேளுங்கள்.